நான்கு முழம் கறுப்புத் துணி

கணக்குப் புத்தகத்தில் அந்த ஒரு வரியை
இன்னும் அடிக்கவில்லை நான்:
கறுப்புத் துணி, நான்கு முழம். கொக்ரெல். பாக்கி.

முதல் தடவை அவன் கேட்டது சிவப்பு.
பீப்பாய்க்கு வளையம் அடிக்கிறவன்,
புருவத்தில் மரத்தூள்.
பன்னிரண்டு தொப்பி வேண்டும் என்றான்,
மழையில் நெற்றிக்கு இறங்காத சாயத்தில்.
அப்படியொரு சாயம் பாரிஸில் கிடையாது என்றேன்.
சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணி வைத்தான்.

அடுத்த மாதம் நூறு.
அதற்கடுத்து எண்ணூறு, நகரசபை முத்திரையோடு.
கொழுப்புத் திரி புகைய
ஐந்து பெண்கள் விடியும்வரை தைத்தார்கள்.
ரொட்டிக்கு உச்சவிலை கட்ட வைத்தவர்கள் என்று
அவர்களை வாழ்த்தினோம். மனதாரத்தான்.
அவர்களுடைய பத்திரிகையின் வசவுகளை
மீன்காரி ஒதெத் எழுத்துக்கூட்டிப் படிப்பாள்;
அவளுக்கே புதிதாய்ச் சில இருந்தன.

கோபுரத்து மணியை இறக்கினார்கள்.
வைக்கோலில் விழுந்து
ஒரே ஒருமுறை முனகியது.
நாடகக்காரி ஒருத்தி பகுத்தறிவு தேவியாகி
பலிபீடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.
அவள் போர்த்திய நீலமும் என் கடையிலிருந்து போனதுதான்,
வாடகைக்கு.
மெழுகுக் கறையோடு திரும்பி வந்தது.

பிறகு பொத்தான் கடை லிமூஸன்.
யாரையோ பழக்கதோஷத்தில்
'குடிமகனே' என்னாமல் 'ஐயா' என்றுவிட்டார்.
அழைத்துப்போக நான்கு தொப்பிகள் வந்தன.
ஒன்றின் ஓரத்தில் தையல் கோணியிருந்தது.
என் கோணல்.
ஜன்னலைச் சாத்திவிட்டு
அடுத்த தொப்பியை எடுத்தேன்.

பனிக்காலத்தில் இறைச்சி மறைந்தது,
பிறகு சோப்பு,
பிறகு சோப்பைப் பற்றிக் கேட்டவர்கள்.

காற்று மாதம் என்று புதுப்பெயர் வைத்த மாதத்தில்
கொக்ரெல் கறுப்புக் கேட்டு வந்தான்.
பழைய மடத்தில், அவர்கள் கூடுகிற மண்டபத்தில்
மனித உரிமைகள் எழுதிய பலகை இருக்கிறதே,
அதை மூடப்போகிறோம் என்றான்.
மக்கள் எழும்வரை மூடியே கிடக்கும்.
என்ன அகலம்?
கைகளை விரித்துக் காட்டினான்.
விரித்த கை நடுங்கியதைப் பார்த்தேன்,
அரை முழம் கூட்டியே கிழித்தேன்.
காசு நாளைக்கு என்றான்.

எழவேண்டிய மக்களில் நானும் ஒருத்தி.
மறுநாள் காலை நாலரைக்கே எழுந்துவிட்டேன்,
ரொட்டி வரிசைக்கு.
எனக்கு முன்னால் அறுபது பேர் எழுந்திருந்தார்கள்.
யாரும் பலகையைப் பற்றிப் பேசவில்லை.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்.
அளந்தே பிழைக்கிறவள் சொல்கிறேன்,
இவர்கள் ஏறியதும் முழம்தான்;
சறுக்கியதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை.
பத்தே நாளில் கைது. மூன்று நாள் விசாரணை.
வண்டிகள் எங்கள் தெரு வழியாகப் போயின.
ஒதெத் அவர்கள் வசவுகளையே
அவர்கள்மேல் எறிந்தாள்,
ஒன்று விடாமல், மனப்பாடமாக.
கொக்ரெல் கடைசி வண்டியில்.
பின்கழுத்து மயிரைக் கத்தரித்திருந்தார்கள்,
புருவத்தில் தூள் இல்லை.
லேசாக மழை.
என் பக்கத்தில் நின்று கைகொட்டியவனின் நெற்றியில்
சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

அனுப்பி வைத்தவர்களும்
கோடை முடிவதற்குள் அதே பாதையில் போனார்கள்.
வாசனைத் தைலம் பூசிய இளைஞர்கள்
தடியோடு தெருவில் நடந்தார்கள்.
தொப்பிகள் இருட்டியபின் திரும்பி வந்தன,
மூட்டையாக, பெயர் சொல்லாமல்.
பிரித்து, செருப்புக்கு உள்துணி வைத்தேன்.
நன்றாகப் போனது.

மடத்துக் காவலாளி ஒருநாள்
கறுப்பைக் கொண்டுவந்து போட்டான்.
நான்கு மூலையிலும் ஆணி ஓட்டை.

அதே வாரம் லிமூஸனின் மனைவி வந்தாள்.
துக்க உடைக்கு, மலிவாக ஏதாவது.
இத்தனை நாள் அதற்கும் பயம் அவளுக்கு.
துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
ஓட்டை ஏன் என்று கேட்டாள்.

அந்துப்பூச்சி என்றேன்.

அவள் உடனே காசு கொடுத்தாள்.
அதைத் தனி வரியில் எழுதினேன்.